ஏரி தெரியும் ஜன்னல்

எழுந்தான். பாலைக் காய்ச்சினான். ராத்திரி வாசலில் உதிர்ந்து கிடந்த இலைகளைக் கூட்டித் தள்ளினான். சட்டைக்கு இஸ்திரி போடும்போதுதான் இன்று ஞாயிற்றுக்கிழமை என்பது உறைத்தது.

வாசலில் ஒரு குட்டி லாரி வந்து நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து மாமியார் இறங்கினாள்.

"என்ன அத்தை இதெல்லாம்?"

"பாத்தா தெரியல? பீரோ, கட்டில், நான்."

"ரெண்டு நாள் தங்குவீங்கதானே?"

"ரெண்டு நாளைக்கு எவளாவது பீரோவோட வருவாளா மாப்பிள்ளை?"

நகரத்து வாடகை வீட்டைக் காலி செய்து, சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மகள் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகிக் கிளம்பிய வீடு அது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அத்தை."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வீட்டுக்காரர்கிட்ட நான் பேசறேன்."

"பேசி? அங்க வேற ஆளுங்க குடி வந்தாச்சு."

மனைவியின் நுரையீரலுக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரயில் கடைசியாக நிற்கும் இந்த ஊரில் அவன்தான் வீடு பார்த்தான். பின்னால் ஏரி, சுற்றிலும் மரங்கள். காற்றுக்குக் குறைவில்லை. அவள்தான் பிழைக்கவில்லை.

தகவல் தெரிந்து அத்தை ரயில் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "கடைசியா ஏதாவது சொன்னாளா?" அவன் பதில் சொன்னான். அந்தப் பதிலை நம்பித்தான் இன்று லாரி வந்திருக்கிறது.

அத்தை நேராகப் படுக்கையறை ஜன்னலுக்குப் போனாள்.

"இங்க உக்காந்துதானே ஏரியைப் பாத்துட்டே இருப்பா?"

"ஆமா அத்தை."

தாழ்ப்பாள் அசையவில்லை. துணியைச் சுற்றி இழுத்தாள். துணியெல்லாம் துருதான் ஒட்டியது.

"என்ன மாப்பிள்ளை, இப்படி இறுகிக் கிடக்கு? இதைத் திறந்து எத்தனை காலமாச்சு?"

"மழை, அத்தை. அதான்."

அவன் ஓங்கிக் குத்தியதும் திறந்துகொண்டது. குளிர்ந்த காற்று அறைக்குள் வந்தது. வந்ததிலிருந்து வாயாடிக்கொண்டிருந்த அத்தை, ஏரியைப் பார்த்ததும் உடைந்து அழுதாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மாப்பிள்ளை. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "'இங்க எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. அம்மாவும் இங்கயே வந்து இருந்தா நல்லா இருக்கும்'னு சொன்னா."

"அவ ஆசைப்பட்டுட்டா. எனக்கு அது போதும்."

டிரைவர் கட்டிலோடு வாசற்படியில் நின்றார். "இதை எங்க சார் போடறது?"

"இந்த ஜன்னலோரமாவே போடுப்பா," என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் போய் ஒரு முனையைப் பிடித்தான். இந்த அறையில்தான் அன்று விடியும்போது மனைவி அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக்கொண்டு சொன்னாள்:

"இந்த ஊரு வேண்டாங்க. எங்கம்மா வீட்டுலயே என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க."