குழாய்ப் பக்கம் பார்க்காதீங்க

"அந்தக் குழாய்ப் பக்கமெல்லாம் நீங்க பார்க்க வேண்டாம். அது நல்லாத்தான் இருக்கு."

மாமனார் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்த மெக்கானிக்கின் டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் நகர்ந்தது. பாத்திரம் கழுவும் மெஷினுக்குத் தண்ணீர் போகும் குழாயை நேற்று சாயங்காலம் சத்தமில்லாமல் மூடிவைத்தது அவர்தான்.

"அப்பா, அவர் வேலையைப் பார்க்கட்டும். நீங்க இப்படி வந்து உட்காருங்க," என்றாள் மகள்.

உட்கார மனசு வந்தால்தானே?

இந்த வீட்டில் சமையல் மகளுடையது. சமைத்தவள் கழுவ மாட்டாள் என்று கல்யாணமான புதிதிலேயே சட்டம் போட்டுவிட்டாள். அதனால் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை தேய்த்துக் கழுவுவார், மாமனார் துடைத்து அடுக்குவார். மாமனார் ரிட்டையராகி இங்கே வந்த புதிதில் இருவருக்கும் பேச்சே கிடையாது. "சாப்டீங்களா மாமா?", "ஆச்சு மாப்பிள்ளை." அத்தோடு சரி. சிங்க் முன்னால் சேர்ந்து நின்ற பிறகுதான் வாய் திறந்தது. ஆபீஸ் மேனேஜர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசுவதை மாப்பிள்ளை அப்படியே நடித்துக் காட்டுவார். மாமனார் தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "மாப்பிள்ளை, எண்ணெய் அப்படியே இருக்கு," என்று திருப்பிக் கொடுப்பார். "அது உங்க கண்ணாடியில இருக்கு மாமா, முதல்ல அதைத் துடைங்க," என்பார் மாப்பிள்ளை. இவர்கள் சிரிக்கிற சத்தம் ஹாலில் சீரியல் பார்க்கும் மகள் வரைக்கும் கேட்கும்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாள் மாமனார், "இடுப்பு வலிக்குதும்மா," என்று இழுத்தார். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்துகொண்டு, "சோப்பு பட்டு என் விரலெல்லாம் வெடிக்குது," என்றார். சும்மா செல்லத்துக்குப் புலம்பியதுதான். மகள் அதை அப்படியே நம்பிவிட்டாள்.

கடை கடையாக ஏறி இறங்கினாள். பெரிய சட்டி உள்ளே நுழையுமா என்று பார்க்க, வீட்டிலிருந்தே சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரர்கள் பயந்துபோனார்கள். "எதுக்கு இதெல்லாம்?" என்று இருவரும் கேட்டதற்கு, "உங்க ரெண்டு பேருக்காகத்தானே அலையறேன்," என்று வாயை அடைத்துவிட்டாள்.

மெஷின் வந்தது. நன்றாகவே கழுவியது, அதுதான் கொடுமை. சாப்பிட்டு முடித்ததும் ஆண்கள் இருவரும் ஹாலுக்கு வந்து சோபாவின் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். அவருக்கு நியூஸ், இவருக்கு மேட்ச். ரிமோட் மட்டும் கை மாறிக்கொண்டிருந்தது, பேச்சு இல்லை. மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ரூமுக்குப் போய்விடுவாள். மாமனாருக்கு வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் இவ்வளவு ஆசையாக வாங்கியவளிடம் எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வது? அதனால்தான் அந்தக் குழாய்.

மெக்கானிக் ஒருவழியாக வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே மாமனாரைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார்.

"மேடம், இது இந்த வீட்டுக்குச் சரிப்பட்டு வராது. கடையிலயே திருப்பிக் கொடுத்துடுங்க."

"அப்படியா?" மகள் பெருமூச்சு விட்டாள். "ஆசை ஆசையா வாங்கினேன். என்ன பண்றது, பழையபடி நீங்க ரெண்டு பேரும்தான் கழுவணும்."

"கஷ்டம்தான்," என்றார் மாப்பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "குப்பையைக் கொட்டிட்டு வந்துடறேன்."

மாமனாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லாம் மெக்கானிக் கதவைத் தாண்டும் வரைதான். அப்புறம் மனசு உறுத்தியது. ஒரு குழாயை மூடினதற்கு மெஷினையே திருப்பி அனுப்பச் சொல்வார்களா? வேறு எதையாவது உடைத்துத் தொலைத்துவிட்டோமா? பாவம், அந்தப் பெண் எப்படி அலைந்து வாங்கினாள். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

கீழே மெக்கானிக்கின் வண்டிப் பக்கத்தில் குப்பைப் பையோடு மாப்பிள்ளை நின்றிருந்தார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"மெஷினுக்குள்ள துணியைச் சுருட்டி அடைச்சது நான்தாங்க."

மாமனார் அப்படியே நின்றுவிட்டார். "மாப்பிள்ளை, நீங்களுமா?"

"நீங்களுமான்னா?" மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார்.

"குழாய் என் வேலை."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமனாரால் சிரிக்க முடியவில்லை. "அவ ஆசையா வாங்கினதை நாங்க கெடுத்துட்டோமே," என்றார் மெக்கானிக்கிடம்.

"மெஷின் தங்கமா இருக்கு சார். குழாயையும் துணியையும் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. ஆனா நான் அப்படிச் சொன்னது உங்களுக்காக இல்ல." மெக்கானிக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "காலையில போன் பண்ணினப்பவே மேடம் சொல்லிட்டாங்க. கோளாறு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, இது சரிப்பட்டு வராதுன்னு அப்பா காதுலயும் வீட்டுக்காரர் காதுலயும் விழற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கன்னு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள்.

சோபாவில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை காலை நீட்டிப் படுத்திருந்த மகள், ரிமோட்டை நெஞ்சோடு அணைத்தபடி, சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "பாத்திரம் அப்படியே கிடக்கு, போங்க. முடிஞ்சாலும் அங்கேயே நின்னு பேசிட்டு மெதுவா வாங்க."