எதிர்ப்பக்கம்

கல்யாண கான்ட்ராக்ட் தொழில் கற்கவந்த ஜெயசித்ராவுக்கு, திருமானூர் மண்டபத்தில் அன்று பந்திப் பாடம். மாடியில் ஒரு வரிசைக்கு இலை போட்டாள்.

"சாப்ட்டு எப்படி மூடுவாங்க?" என்றார் முதலாளி அரியமுத்து.

ஓர் இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.

"அதான். எதிர்ப்பக்கம் மடிச்சா எழவு வூடு."

பந்திக்கூடத்தைப் பூட்டிச் சாவியோடு இறங்கி, சமையற்கட்டைப் பார்த்துவிட்டு வந்து திறந்தார்கள்.

இலைகளெல்லாம் எதிர்ப்பக்கமாக மடிந்து கிடந்தன. அவள் மடித்து வைத்ததும்கூட.

அரியமுத்து குரலைத் தாழ்த்தினார். "தையில யாரோ ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு இந்த மண்டபத்தைப் பேசியிருக்குன்னு வாட்ச்மேன் சொன்னான். அந்தப் பொண்ணுகிட்ட உடனே சொல்லிடணும்மா."

ஜெயசித்ரா இலைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லிட்டீங்க சார். அந்தப் பொண்ணு நான்தான்."