அட்டையில் ஓட்டை

பாட்டு ரெக்கார்டின் அட்டையை விரித்த வெங்கடசாமி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

உள்பக்கம் முழுக்க ஒரே படம். மேடைக்கு முன்னால் முண்டியடிக்கும் ரசிகர் கூட்டம். அதன் நடுவில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஓட்டை.

"எலியா இருக்கும்" என்றார் சின்னப்பா, டீயை உறிஞ்சிக்கொண்டே.

"எலி அடிக்கோல் வச்சு வெட்டுமா?"

பென்ரோஸ் பகுதிக் கிடங்கின் சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நான்கு மூலையும் நேராக இருந்தது. ரெக்கார்டைக் கேட்டுப் பார்க்க எடுத்துப் போனவன் மகேசன். அன்று காலைதான் மேசையில் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் வேலைக்குப் போனான்.

அந்தக் கனடா ராக் குழு என்றால் இரண்டு பேருக்கும் உயிர். ஒத்துப்போனது அதோடு சரி. ஃபிஜியிலிருந்து வந்த வெங்கடசாமிக்கு மேடையில் நேரடியாகப் பதிவு செய்ததுதான் ரெக்கார்டு. யாழ்ப்பாணத்து மகேசனுக்கு ஸ்டூடியோவில் செய்தது மட்டுமே.

"ஸ்டூடியோவுல பத்து வாட்டி திருத்துவான். மேடையில திருத்த முடியாது. அதான் நெசம்" என்பான் வெங்கடசாமி.

"கிட்டார் கேக்கப் போனா, சனம் கூவுறதெல்லோ கேக்குது" என்பான் மகேசன்.

ஒரு வருடமாக டீ நேரத்தில் இதே சண்டைதான். "ஒரு தடவை முழுசாக் கேட்டுட்டுப் பேசு" என்று வெங்கடசாமியே வலியக் கொடுத்த ரெக்கார்டு அது.

மகேசன் உள்ளே வந்தான். வெங்கடசாமி அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

"நீயா வெட்டின?"

"ஓம்."

"ஏன்?"

மகேசன் ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவினான்.

"வேறை ஒண்டு வாங்கித் தாறன்" என்றான் கடைசியில்.

"இந்த ஊர்க் கடையில கிடைக்காது. சிட்னியிலிருந்து வரவழைச்சது. என் கல்யாண ஆல்பத்தைக்கூட நான் இவ்வளவு பத்திரமாப் பாத்துக்கல."

மகேசன் தலை குனிந்தபடி வெளியே போனான்.

"பேச்சில தோத்தவன் கத்தரிக்கோல் எடுப்பான்" என்றார் சின்னப்பா. எல்லோரும் சிரித்தார்கள். வெங்கடசாமி சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அவன் நியூ லின் பகுதியில் மகேசன் வீட்டுக் கதவைத் தட்டினான். மகேசனின் மனைவி ரதிதேவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டின துண்டைக் குடு. பின்னால டேப் வச்சு ஒட்டிக்கிறேன்."

"அது இஞ்சை இல்லை."

"எங்க?"

"யாழ்ப்பாணத்திலை. அம்மாட்டை."

வெங்கடசாமி அவனையே பார்த்தான். மகேசன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இரும். எனக்கு ஒரு தம்பி இருந்தவன். இந்தப் பாட்டுக்காரரை எனக்குக் காட்டினதே அவன்தான். எண்பத்துமூண்டு ஆடிக் கலவரத்திலை, கொழும்பிலை..."

மகேசன் ஜன்னலைப் பார்த்தான்.

"உடம்புகூடக் கிடைக்கேல்லை. அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், கேட்டா இதயம் தாங்காது. தம்பி கனடாவுக்குப் போயிட்டான் எண்டு சொல்லிப்போட்டன். நாலு வருசமா அதைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறன்."

"ஒரு லெட்டர்கூட வரலன்னா அவங்க கேக்க மாட்டாங்களா?"

"பஞ்சிக்காரன், சோம்பலிலை எழுத மாட்டான் எண்டு சொல்லுவன். போன மாசம் அம்மா எழுதினா: 'அவன் எழுத வேண்டாம், முகத்தையாவது காட்டச் சொல்லு.' அந்த நேரம்தான் நீர் அந்த ரெக்கார்டைத் தந்தனீர். ரெண்டாவது வரிசையிலை ஒரு பெடியன். அதே நெத்தி, அதே சிரிப்பு. கனடாவிலை கச்சேரிக்குப் போனவனாம், படத்திலை விழுந்திருக்கிறான் எண்டு எழுதி அனுப்பிப்போட்டன்."

அவன் மேசையிலிருந்து ஒரு நீலக் கடிதத்தை எடுத்தான். வெங்கடசாமிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மகேசனே வாசித்தான்.

"'தம்பியின்ரை முகத்தைக் கண்டிட்டன். அது போதும். மெலிஞ்சு போனான். குளிருக்கு நல்லாச் சாப்பிடச் சொல்லு.'"

கடிதத்தை மடித்து வைத்தான். "நாலு வருசத்துக்குப் பிறகு போன கிழமைதான் நான் ஒழுங்கா நித்திரை கொண்டனான். உமக்கு நான் செய்தது பிழை. அங்கை வைச்சுச் சொல்ல வாய் வரேல்லை."

வெங்கடசாமி அந்த நீலக் கடிதத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"என்கிட்ட இன்னும் ரெண்டு லைவ் ரெக்கார்டு இருக்கு. ரெண்டு அட்டையிலயும் கூட்டம்தான். திங்கட்கிழமை கொண்டாறேன். அந்த ஜாடையில யாராவது இருந்தா வெட்டிக்கோ. அம்மா அடுத்த வருஷமும் கேப்பாங்க இல்ல?"

மகேசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். முகம் கழுவ எழுந்து உள்ளே போனான்.

ரதிதேவி வாசல்வரை வெங்கடசாமியுடன் வந்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணை, நீங்கள் அந்த அட்டையளைக் கொண்டுவர வேண்டாம்."

"ஏன் தங்கச்சி? எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

"மாமி, இவற்றை அம்மா, எனக்குத் தனியா ஒரு துண்டுக் கடிதம் எழுதியிருக்கிறா. என்ரை அம்மா வீட்டுக் கடிதத்துக்குள்ளை வைச்சு, இவருக்குத் தெரியாமல்."

"என்னன்னு?"

அவள் உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மனப்பாடமாகச் சொன்னாள்.

"'பிள்ளை, படத்திலை நிக்கிறது ஆரோ பெத்த பிள்ளை. என்ரை பிள்ளை போன செய்தி அந்த ஆடியிலையே எனக்கு வந்திட்டுது. மகேசனுக்குச் சொல்லிப்போடாதை, நான் நம்புறன் எண்டு நினைச்சாத்தான் அவன் நித்திரை கொள்ளுவான்.'"