புழு இல்லை

அவள் சுவரைத் தொட்டாள்.

விரலெல்லாம் சுண்ணாம்பு.

இன்னும் ஈரம் காயவில்லை. போன வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் அவள் சாக்பீஸால் எழுதிய ஐந்து வரி இருந்தது. இப்போது வெறும் வெள்ளை. கீழே காவிக் கரை வேறு.

அடுத்த வீடு. அங்கேயும் வெள்ளை.

அதற்கடுத்தது. அதுவும்.

அடக் கடவுளே, தெரு முழுக்க!

நாளைக்குப் போகி. பொங்கலுக்கு அடிக்காமல் வேறு எப்போது வெள்ளையடிப்பார்கள்? சென்னையில் ஆறாவது மாடியில் வளர்ந்தவளுக்கு அது எங்கே தோன்றப்போகிறது?

பொதுச் சுகாதாரம் படிக்கிறவள். களப்பயிற்சிக்கென்று கல்லூரி அவளைத் தென்காசிப் பக்கத்து இந்த ஊருக்கு அனுப்பியிருந்தது. ஆறு வாரம். வெள்ளிதோறும் இருபத்திரண்டு வீடு. குடம், தொட்டி, சிரட்டை, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, எல்லாவற்றிலும் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேட வேண்டும். பார்த்ததும் வாசல் சுவரில் தேதி போட்டு, புழு உண்டு அல்லது இல்லை என்று எழுத வேண்டும். நோட்டிலும் அதையே ஏற்ற வேண்டும்.

இன்று கடைசி வெள்ளி. பதினொரு மணிக்குச் சுகாதார ஆய்வாளர் பொன்னுலிங்கம் வருகிறார். சுவரையும் நோட்டையும் ஒத்துப் பார்ப்பார். ஒத்திருந்தால் கையெழுத்து. இல்லையென்றால் ஆறு வாரமும் மறுபடி முதலிலிருந்து.

"நோட்டை மரத்தடியில உக்காந்தும் எழுதலாம்மா. சுவத்துல அப்படி எழுத முடியாதுல்லா?"

முதல் நாளே சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். நோட்டை மட்டும் நம்ப மாட்டார்.

போன வாரம் தெருப்பெண்களைக் கூட்டி, பொங்கலுக்குள் வீட்டையெல்லாம் பளிச்சென்று வைத்துவிடுங்கள் என்று கெஞ்சியதும் இவளேதான். சொன்ன பேச்சைக் கேட்கிறார்களே என்று அன்றைக்கு என்ன பெருமை! சொந்தச் செலவில் சூனியம்.



பதினொன்றுக்கு ஸ்கூட்டர் வந்தது.

ஆய்வாளர் இறங்கினார். தெருவைப் பார்த்தார். வெயிலில் வெள்ளை கண்ணைக் கூசவைத்தது. நோட்டுக்குக் கை நீட்டினார்.

நடந்தார்கள். வீட்டுக்கு வீடு அவள் டார்ச் அடித்துப் பார்த்து நோட்டில் ஏற்றினாள்; ஈரச் சுவரில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. ஒரு வீடு. இரண்டு வீடு. பத்து வீடு. நோட்டில் எல்லாம் இருந்தது. சுவரில் ஒன்றும் இல்லை.

அவர் 'ம்' என்றார். ஒவ்வொரு 'ம்'முக்கும் அவள் அடுத்த வீட்டுச் சுவரை எட்டிப் பார்த்தாள்.

இருபத்தொரு வீடு முடிந்தது.

கடைசி வீடு இசக்கியம்மாளுடையது.

முதல் வாரம் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் தட்டில் புழு நெளிந்தது. தெருவிலேயே அந்த ஒரு வீட்டில்தான். "என் வீட்டுலயா புழு? அடுத்த வீட்ல போய்ப் பாரு, அங்கதான் இருக்கும்!" என்று தெருவே கூடும்படி கத்தினார். அவள் அசரவில்லை. 'உண்டு' என்று எழுதிவிட்டுத்தான் வந்தாள். அதற்குப் பிறகு இசக்கியம்மாள் வெள்ளிதோறும் கதவைத் திறப்பார். முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

அங்கே என்ன மிச்சம் இருக்கப்போகிறது?

சுவர் வெள்ளை.

நடுவில் மட்டும் ஒரு சதுரம், பழைய அழுக்கோடு.

அவள் கிட்டே ஓடினாள். உள்ளே அவளுடைய எழுத்து. நாலு தேதி. நாலு 'புழு இல்லை.' வெள்ளையடித்தவர் சுண்ணாம்பு மட்டையைச் சுற்றி வளைத்து, அந்த இடத்தை மட்டும் ஒதுக்கி அடித்திருந்தார்.

இசக்கியம்மாள் இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றார்.

"எங்க வீடு சுத்தம்னு சர்க்கார் எழுதுனது சார். அதை அழிக்க மனசு வருமா?"

ஆய்வாளர் வரிகளை எண்ணினார்.

"நாலுதான இருக்கு. முதல் வாரம் எங்க?"

சதுரத்தின் மேல்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குப் புதுச் சுண்ணாம்பு. அந்த ஒரு வரியின் மேல் மட்டும், ஒரு சொட்டு கீழே வழியாமல்.

இசக்கியம்மாள் வானத்தைப் பார்த்தார்.

ஆய்வாளர் நோட்டைப் புரட்டினார். முதல் வாரம். 'உண்டு. ஃப்ரிட்ஜ் தட்டு.' மறுபடியும் அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நடக்காததை எழுதியிருந்தா இவ்வளவு பாடுபட்டு யாரு மறைக்கப்போறா? பேனாவைக் குடுங்கம்மா."

கையெழுத்து விழுந்தது.

அவளுக்கு அந்த அம்மாளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டும் விட்டாள்.

"ஏ பிள்ள, சேலையில சுண்ணாம்பு ஒட்டுது. தள்ளு."

தள்ளு என்று சொன்னாரே தவிர, தள்ளவில்லை.

உள்ளே போய் ஃப்ரிட்ஜ் தட்டை உருவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. சபீனாப் பொடி போட்டுத் தேய்த்த பளபளப்பு. வெளியே வந்து தேதி போட்டு, 'புழு இல்லை' என்று எழுதினாள். இந்த ஆறு வாரத்தில் இவ்வளவு பெரிய எழுத்தில் அவள் எழுதியதே இல்லை.

அதற்குக் கீழேயும் சதுரத்தில் நாலைந்து வரிக்கு இடம் இருந்தது.

"அடுத்த வெள்ளியும் வருவேல்லா?" என்று கேட்டார் இசக்கியம்மாள்.

சாயங்காலம் அவளுக்குச் சென்னை பஸ்.

அவள் பையைத் திறந்து, டார்ச்சையும் மிச்ச சாக்பீஸையும் எடுத்து இசக்கியம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் டார்ச்சைப் பட்டப்பகலில் ஒரு தடவை அடித்துப் பார்த்தார். எரிந்தது.

மெல்லத் திரும்பி, அடுத்த வீட்டு வாசலைப் பார்த்தார்.