வாலில் 'பழையது'

குளிர்ந்த அறை ஒன்றில், பச்சை விளக்குகள் மினுங்கும் பெட்டிக்குள், ஒரு செட்டிங்ஸ் ஃபைல் குடியிருந்தது. டேட்டாபேஸின் கதவைத் திறக்கும் பாஸ்வேர்டு அதனிடம்தான் இருந்தது. வாசலில் நின்ற சர்வர், வருகிறவர்கள் கேட்கும் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும். இந்த ஃபைலை யாராவது கேட்டால் மட்டும், "அது வேலை செய்யும், வாயைத் திறக்காது" என்று சொல்லி அனுப்பிவிடும்.

ஒருநாள் அந்த ஃபைலில் ஏதோ திருத்த வந்த, பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் மேகலா, "எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்" என்று ஒரு நகல் எடுத்தாள். அதன் பெயருக்கு வாலாக 'பழையது' என்று சேர்த்து, பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போனாள்.

நகலுக்கு வேலை எதுவும் இல்லை. மின்விசிறிக் காற்றில் மிதப்பது போல நாளெல்லாம் கிடந்தது.

"அண்ணே, என்னை யாராவது கேட்டு வருவாங்களா?"

"வராம இருந்தா நல்லது தம்பி" என்றது ஃபைல்.

ஒரு மத்தியானம் யாரோ வாசலில் வந்து நகலின் பெயரைச் சொன்னார்கள். சர்வர் அதன் வாலைப் பார்த்தது. அப்படி ஒரு வாலை அது கண்டதே இல்லை. ஏதோ சாதாரணக் காகிதம் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தது. நகல் பூரித்துப்போய், பாஸ்வேர்டு இருந்த வரியையும் விடாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தன்னையே வாசித்துக் காட்டியது.

கொஞ்ச நேரத்தில் டேட்டாபேஸின் கதவு சத்தமில்லாமல் திறந்தது. வந்தவர் சொன்ன ரகசிய வார்த்தை சரியாக இருந்ததால் அது வேறெதுவும் கேட்கவில்லை. உள்ளே இருந்த பெயர்களும் முகவரிகளும், தூக்கத்தில் நடப்பவர்களைப் போல, வரிசையாக வெளியே போயின.

செட்டிங்ஸ் ஃபைல் வாயை இறுக மூடிக்கொண்டு, அந்த வார்த்தையை இன்னும் காத்துக்கொண்டிருந்தது.