பச்சை லைட்

“அந்தக் காப்பகத்தம்மா குழந்தைய ஏதோ பண்றாங்க. இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கப் போறேன்.”

ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் உள்ளங்கையில் அந்தக் குட்டி வயர்லெஸ் மைக் இருந்தது. சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். துணிப்பை தைத்து, போனில் வீடியோ எடுத்துப் போட்டு விற்கிறாள். அதற்காக மூன்று மாதம் முன்பு வாங்கியது.

“இத எங்க வைக்கப் போற?”

“பாப்பா காலருக்கு அடியில. ரிசீவர் என் போன்ல. காப்பகத்துக்கு வெளியில உக்காந்து எல்லாத்தையும் கேக்கப் போறேன்.”

“தப்பில்லையா?”

“நாலு வயசுக் குழந்தை பேச்சையே விட்டுட்டா. அது பரவாயில்லையா?”

அவன் அடுத்த ஷூவை எடுத்தான். தெருவே ‘வாயாடி’ என்று கூப்பிட்ட குழந்தை. காக்காயைப் பார்த்தால் ஒரு கதை, செருப்பு மாட்டினால் ஒரு கதை. இப்போது வீட்டில் எது கேட்டாலும் தலையாட்டல்தான். மிஞ்சிப்போனால் காதோரம் வந்து ஒரு கிசுகிசு.

டாக்டர் காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். “குறை ஒண்ணுமில்ல. எதுக்கோ பயப்படுறா,” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“நீயும் எந்நேரமும் வீடியோ வீடியோன்னு...”

“ஆரம்பிச்சுட்டீங்களா? நான் மைக்க மாட்டினா அவ பாட்டுக்கு மூலையில பொம்மையோட உக்காந்துடுவா. ஒரு தும்மல்கூட வராது, அவ்ளோ சமத்து. வீட்டுல ஒரு குறையும் இல்ல. எல்லாம் அந்தக் காப்பகம்தான்.”

காப்பகத்து வாசலில் குழந்தையை நிறுத்தி, காலரைத் தூக்கி மைக்கை மாட்டினாள். வாயாடி மோவாயை இடுக்கிக் குனிந்து பார்த்தாள். பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது.

“ஒண்ணுமில்லடா செல்லம், பட்டன்தான்.”

வாயாடி தலையாட்டினாள்.

காப்பகம் நடத்துகிறவரைப் பிள்ளைகள் ‘பெரியக்கா’ என்பார்கள். ஆள் வாட்டசாட்டம். வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பழி போடுவதற்கு வாகான ஆள்தான்.

அம்மா மதில் ஓரமாக ஸ்கூட்டரில் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டாள். நாற்காலி இழுபடும் சத்தம். பிள்ளைகளின் கூச்சல். நடுவில் பெரியக்காவின் குரல்.

“வாயாடி, உனக்கு என்ன கலர் வேணும்?”

பதில் இல்லை.

“கேக்குறேன்ல? சொல்லு.”

பதில் இல்லை.

அரை மணி நேரம் போனது. எல்லாப் பிள்ளைகளின் சத்தமும் கேட்டது, அவள் பெற்ற பிள்ளையின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. மூச்சுதான் கேட்டது. இவ்வளவு பயந்து போய் உட்கார்ந்திருக்கிறதே என் குழந்தை என்று நினைத்தபடி போனில் சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

திடீரென்று டமாரென்று ஒரு சத்தம். ஓடி வரும் காலடி. பிறகு இயர்போனே அதிர்கிற மாதிரி பெரியக்கா.

“கைய எடு! வாயிலேர்ந்து கைய எடுன்னு சொல்றேன்ல! வாயத் திறக்கப் போறியா இல்லையா?”

மூச்சு தேம்பித் தேம்பி வந்தது. அழுகையை உள்ளேயே அமுக்கும் தேம்பல்.

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டிருந்தாளா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பெரியக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் வாயாடி. முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது.

“என் பொண்ண என்ன பண்ணீங்க?”

“வாங்கம்மா, நல்லவேளை வந்தீங்க. சறுக்குமரத்துலேர்ந்து விழுந்துட்டா. பல்லுல பட்டிருக்கான்னு பாக்கணும், கைய எடுக்கவே மாட்டேங்குறா. இவ்ளோ அடிபட்டும் வாய்விட்டு அழ மாட்டேங்குறாம்மா.”

“நடிக்காதீங்க! மூணு மாசமா அவ பேசுறதே இல்ல. பயமுறுத்தி வெச்சிருக்கீங்க!”

“யாரு, இவளா?” பெரியக்கா திகைத்துப் போனார். “இங்க இவ வாய் ஓயவே ஓயாதும்மா. நேத்து மத்தியானம் யாரையும் தூங்கவிடல, அத்தனை கதை. இன்னிக்குத்தான் வந்ததிலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. ஏன்னு எனக்கும் புரியல.”

“பொய்! எல்லாம் இதுல பதிவாயிருக்கு!”

குழந்தையின் காலரைப் புரட்டி மைக்கைப் பிடுங்கி, பெரியக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். பிடுங்கிய வேகத்தில் விரல் பட்டு மைக் அணைந்தது. பச்சை லைட் போய்விட்டது.

வாயாடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயிலிருந்து கைகளை மெல்ல எடுத்தாள். உதடு துடித்தது.

“வீடியோ முடிஞ்சிருச்சாம்மா? நான் சத்தமே போடல... இப்ப அழட்டுமா?”