உட்கார ஓர் இடம்

“இன்னாடி எழிலு, வர்றவங்கள எங்க குந்த வெக்கிறது? உன் புக்கு மேலயா?”

துடைப்பமும் கையுமாக நின்று குணசுந்தரி கேட்டாள். புளியந்தோப்பு வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், ஓர் அறையும் சமையற்கட்டுமான அந்த வீட்டில், கேள்வி நியாயமானதுதான். கட்டிலுக்கு அடியில் இடம் தீர்ந்துபோன புத்தகங்கள் கட்டிலின் மேல் ஏறியிருந்தன. ஃபிரிட்ஜின் தலையிலும், அரிசி டிரம்மின் மூடியிலும்கூடக் குடியேறியிருந்தன. புளி எடுக்கக் கையை நீட்டினால் சிறுகதைத் தொகுப்பு வந்தது.

“ஒரு பாய விரிச்சா போதும்மா.”

“எங்க விரிக்கிறது, சுவத்துலயா?”

ராயபுரத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எழில்மொழியை அன்று மாலை பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை நிலவனுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை. போன வாரம் அவன் தொலைபேசியில் பேசியபோது, “வேல இல்லாத நேரத்துல இன்னா பண்ணுவீங்க?” என்று கேட்டான். எதிரே நின்ற அம்மா கண்ணை உருட்டினாள்.

“டி.வி. பாப்பேன்” என்றாள் எழில்மொழி.

மறுமுனையில் குரல் இறங்கியது. “ஓ, சரி” என்றான். அந்த ‘ஓ, சரி’ அன்றிலிருந்து அவளை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. அவனுடைய குரல் அவளுக்குப் பிடித்திருந்தது; அந்தக் குரலிடம் பொய் சொன்னதுதான் பிடிக்கவில்லை. இன்று நேரில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

“அவங்களுக்குத் தெரியட்டுமே. நான் புக்கோடதான் போவேன்.”

“ரொம்பப் படிக்கிற பொண்ணு எதுத்துப் பேசும்னு ஓடிப்பூடுவாங்க. மொதல்ல தட்டு மாத்தட்டும். அப்பால லாரி வெச்சு இஸ்துகினு போ.”

துறைமுகத்தில் கன்டெய்னர் அடுக்கும் அப்பா சுப்பராயனுக்கு, புத்தகங்களைக் கீழ் மாடி வீடுகளில் ஒளித்துவைப்பது தொழில் சார்ந்த விஷயமாகிவிட்டது. “கனமானது எப்பவும் அடியில. கட்டுரையெல்லாம் தரைத்தளம், கவிதை மொத மாடி, நாவல் ரெண்டாவது மாடி” என்று ஆணையிட்டார். அக்கம்பக்கத்தார் கட்டுக் கட்டாக வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

இரண்டாவது மாடி மகிழினி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். “இன்னாக்கா, இவ்ளோவா? பத்தாவது முடிச்சப்புறம் நான் புக்கத் தொட்டதே இல்ல.”

“படிக்க வேணாம்டி, பாத்துக்கோ. குப்புறக் கவுத்து வெக்காத. மேல டீ கிளாஸ் வெக்காத.”

“புள்ளய உட்டுட்டுப் போற மாரி பேசுறியே. டி.வி. பக்கத்துல அயகா அடுக்கி வெச்சிக்கிறேன், போதுமா?”

“யாருனா கேட்டா உன்னுதுன்னு சொல்லு, மகி” என்றாள் குணசுந்தரி.

பிற்பகலில் வீடு காலியாகிவிட்டது. பேசினால் எதிரொலித்தது. எழில்மொழி ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கீழே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் என்ன?

“பட்டுப்பொடவையோட படில எறங்குவியா? குந்து!”

குந்தினாள், மறுகணமே எழுந்தாள்.

ஐந்து மணிக்குத் தெருவில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஜன்னல் வழியே நிலவனையும் அவன் பெற்றோரையும் பார்த்தாள். ஆனால் காபி கொதித்து, ஆறி, மறுபடியும் கொதித்தும் யாரும் மேலே வரவில்லை.

“வழி தவறிட்டாங்களா?” என்றார் சுப்பராயன்.

“ஒரே படிக்கட்டுதான கீது, எங்க தவறுறது?”

“போய் கூட்டினு வரட்டா?”

“பேசாம நில்லுய்யா. ஓடினா, நம்மளுக்குத்தான் அவசரம்னு நெனச்சுப்பாங்க.”

ஒருவழியாக வந்தார்கள். மகனின் தோளைப் பிடித்தபடி நுழைந்த தாய், பாயில் காலை நீட்டி உட்கார்ந்தார். நிலவனின் பார்வை வெறும் சுவர்களைச் சுற்றி வந்து, மூலையில் இருந்த டி.வி.யில் நின்று, தரைக்கு இறங்கியது. எழில்மொழி காபித் தட்டோடு வந்தாள்.

“எங்க எழிலு வூட்ட எப்டி வெச்சிகினு கீது பாருங்க. ஒரு அடைசல் கிடையாது” என்றாள் குணசுந்தரி.

எழில்மொழி தட்டைக் கீழே வைத்தாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...”

“இரும்மா, மொதல்ல நான் சொல்லிடறேன்” என்றார் நிலவனின் தாய். “லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. எனக்கு முட்டி வலி. மாடிக்கு மாடி ஒரு வூட்ல குந்தி, தண்ணி குடிச்சுதான் ஏறி வந்தேன். அப்பப்பா, எந்த வூட்டப் பாத்தாலும் புக்கு! இவனானா ஒரு புக்கப் பிரிச்சுக்கினு எழுந்திரிக்கவே மாட்டேன்றான்.”

குணசுந்தரியின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்லக் கழன்றது.

அந்த அம்மாள் மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, குணசுந்தரி பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்:

“தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டாவது மாடில, டி.வி. பக்கத்துல அவ்ளோ நாவல் அடுக்கி வெச்சிகினு கீதே, மகிழினின்னு ஒரு பொண்ணு... அதுக்கு எங்கனா இடம் பாக்குறாங்களா?”